மேடையில் மட்டும் கிட்டார் பின்தங்குகிறது: மாடலர் லேட்டன்சி, நடுவில் ரீபூட். என்ன செய்யலாம்?

ரிதம்கை_மதுரை

வணக்கம் நண்பர்களே. மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். டியூப் ஆம்பை விட்டு, ஆம்பின் ஒலியை டிஜிட்டலில் உருவாக்கும், தரையில் வைக்கும் மாடலர் பெட்டிக்கு மாறிவிட்டேன். வீட்டில் ஹெட்போனில் வாசித்தால் ஒரு குறையும் இல்லை. மேடையில் அதே கிட்டார், அதே பேட்ச்தான் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு), ஆனால் கை அடித்த பிறகு சத்தம் வருவதுபோல் இருக்கிறது. மெதுவான பாட்டில் தெரிவதில்லை. குத்துப் பாட்டில் பதினாறாம் பங்கு ஸ்ட்ரம்மிங் வந்தால் டிரம்ஸோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

என் செட்டப்: கிட்டாரிலிருந்து டிஜிட்டல் வயர்லெஸ், அங்கிருந்து மாடலர், பிறகு டிஜிட்டல் மிக்சர், கடைசியில் இன்-இயர் (காதுக்குள் போடும் மானிட்டர்). பாடகர் அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கச் சொன்னால் பேட்சின் தொடக்கத்தில் இருக்கும் டியூனிங் இறக்கும் பிளாக்கை (எஃபெக்ட் பகுதியை) ஆன் செய்துகொள்வேன். கீபோர்டுக்காரருக்கு டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, எனக்கு இதுதான்.

இன்னொரு விஷயம். ஒரு திருவிழாக் கச்சேரியில் பாட்டு நடுவில் மாடலர் அணைந்து மறுபடி பூட் ஆனது. சரணம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விற்றுவிட்டுப் பழையபடி ஆம்புக்கே போ என்கிறார்கள் குழுவில். பெட்டியின் லேட்டன்சி (தாமதம்) 2, 3 மில்லிசெகண்ட்தான் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அப்படியானால் நான் உணர்வது என்ன?

வால்வுநெஞ்சம்

விற்றுவிடுங்கள் தம்பி. டியூப் ஆம்பில் பூட் என்ற பேச்சே கிடையாது. கம்பியில் அடித்தால் சத்தம் வரும், அவ்வளவுதான்.

சாம்பிள்48

விற்பதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம். எனக்கு வேலையே சிக்னல் புராசசிங், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மாடலருக்குள் நேரம் எங்கே போகிறது? முதலில் அனலாக்கை டிஜிட்டலாக்கும் கன்வர்ட்டர், கடைசியில் டிஜிட்டலை அனலாக்காக்கும் கன்வர்ட்டர். இரண்டிலும் வடிகட்டிகள் உண்டு, அவை சில பத்து சாம்பிள்களை, அதாவது ஒலியின் அளவுத் துளிகளை, பிடித்துவைத்துத்தான் வெளியே விடும். 48 கிலோஹெர்ட்ஸில் 48 சாம்பிள் ஒரு மில்லிசெகண்ட். இரண்டும் சேர்ந்து அரை முதல் ஒன்றரை மில்லிசெகண்ட் வரை போகும். அடுத்தது பஃபர். சிப் ஒவ்வொரு சாம்பிளாகக் கணக்குப் போடாது, ஒரு கொத்தாகச் சேர்த்துக்கொண்டு போடும். 64 சாம்பிள் கொத்து என்றால் 1.33 மில்லிசெகண்ட். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வைத்தால் மொத்தம் நீங்கள் சொன்ன 2, 3-க்கு வந்துவிடும். அந்த எண் பொய் இல்லை. ஆனால் அது ஏறக்குறைய வெறும் பேட்ச்சின் எண்.

ஆம்ப் மாடல், டிலே, ரிவர்ப், கோரஸ் போன்றவை இதற்கு மேல் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. கூட்டுவது வேறு சில. எஃபெக்ட்ஸ் லூப்பில் (சிக்னலை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் வழியில்) வெளி பெடல் போட்டால் இன்னொரு ஜோடி கன்வர்ட்டர், அதாவது மறுபடி ஒன்று அல்லது இரண்டு மில்லிசெகண்ட். லீனியர் ஃபேஸ் வகை ஈக்யூ இருந்தால் அதற்குத் தனி. எல்லாவற்றையும்விடப் பெரியது நீங்கள் போகிற போக்கில் சொன்ன டியூனிங் இறக்கும் பிளாக்.

தடித்த இ கம்பியின் அதிர்வெண் 82.4 ஹெர்ட்ஸ். ஓர் அலை முடிய 12.1 மில்லிசெகண்ட் ஆகும். சுருதியை மாற்றும் நிரல் அலையை வெட்டி, நீட்டி, ஒட்டுப் போடுகிறது. ஒட்டுத் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் ஓர் அலையளவாவது கையில் இருக்க வேண்டும். எந்த நிறுவனம் செய்தாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் கணக்கிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது. கார்டு வாசிக்கும்போது பல சுரங்களைச் சேர்த்துக் கையாளும் வகைகளில் 10 முதல் 30 வரை பார்க்கலாம்.

120 டெம்போவில் பதினாறாம் பங்கு நோட்டின் நீளம் 125 மில்லிசெகண்ட். மொத்தச் சங்கிலி 25 ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. டிரம்ஸோடு ஒட்டவில்லை என்று நீங்கள் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன்.

ரிதம்கை_மதுரை

இவ்வளவு விவரத்துக்கு நன்றி அண்ணா. ஆனால் வீட்டிலும் அந்த பிளாக்கைப் போட்டு வாசித்திருக்கிறேனே?

சாம்பிள்48

வீட்டில் கேபிள், ஹெட்போன். மேடையில் அதே பிளாக்குக்கு முன்னாலும் பின்னாலும் மூன்று பெட்டிகள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றவாளி இல்லை. பாஸ் டபிள்யூஎல்-20 போன்ற நல்ல டிஜிட்டல் வயர்லெஸ் 2.3 மில்லிசெகண்ட் என்று போட்டிருக்கிறது. மற்றவை 5, 6 வரை போகும். டிஜிட்டல் மிக்சர் ஏறக்குறைய ஒன்று. இன்-இயர் வயர்லெஸ் பழைய அனலாக் எஃப்எம் வகை என்றால் சொல்லும்படி எதுவும் இல்லை, டிஜிட்டல் என்றால் இன்னும் சில. அத்தோடு வீட்டில் உங்களோடு டிரம்மர் வாசிக்கவில்லை. தாமதத்தைக் காட்டிக்கொடுப்பதே இன்னொருவரின் தாளம்தான்.

வால்வுநெஞ்சம்

கணக்கெல்லாம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நானும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆம்ப் எனக்குப் பின்னால் இரண்டு மூன்று மீட்டரில் இருக்கும். எனக்கு லேட்டன்சி என்றால் என்னவென்றே தெரியாது.

சவுண்ட்மேஜை_கோவை

அண்ணே, அந்த மூன்று மீட்டரிலேயே லேட்டன்சி இருக்கிறது. காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். மூன்று மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 9 மில்லிசெகண்ட். நீங்கள் அதிலேயே வாசித்துப் பழகியவர், கை தானாகச் சரிசெய்துகொள்கிறது. இன்-இயர் போட்டவருக்கு இந்த 9 மிச்சமாகிறது. ஆகவே 6 மில்லிசெகண்ட் சங்கிலியோடு இன்-இயர் போட்டு வாசிப்பவர், ஆம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சமம்.

மேடையில் நான் அடிக்கடி பார்ப்பது வேறொன்று. கூட்டத்தின் சத்தம் கேட்க வேண்டும் என்று ஒரு காதைக் கழற்றிவிட்டு வாசிப்பார்கள். அந்தக் காதில் பிஏ-வின் (கூட்டத்துக்கான பெரிய ஸ்பீக்கர்களின்) சத்தம் நுழையும். ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் 29 மில்லிசெகண்ட் கழித்து வரும், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பினால் இன்னும் பிந்தி வரும். ஒரு காதில் இப்போது, மறு காதில் பிறகு. இதையும் பழி மாடலர்மேல் போடுவார்கள். ரிதம்கை தம்பி, நீங்கள் ஒரு காதைத் திறந்து வைப்பவரா?

ரிதம்கை_மதுரை

ஆமாம் அண்ணே. வலது காது.

சவுண்ட்மேஜை_கோவை

இரண்டையும் போடுங்கள். கூட்டத்தின் சத்தத்துக்கு மேடை ஓரத்தில் ஒரு மைக் வைத்து உங்கள் இன்-இயர் மிக்ஸில் கொஞ்சம் தரச் சொல்லுங்கள். நல்ல மிக்சர் இன்ஜினியர் மறுக்க மாட்டார்.

நெட்டைகேபிள்

வாசிப்பவரின் அனுபவம் பற்றி ஆய்வுகளே இருக்கின்றன, இங்கே யாரும் சொல்லவில்லை. 2002-இல் வெசல், ரைட் இருவரும் இசைக் கருவிக்கு 10 மில்லிசெகண்டுக்குள் தாமதம் இருக்கட்டும், அது ஏறி இறங்குவது 1 மில்லிசெகண்டைத் தாண்ட வேண்டாம் என்று எழுதினார்கள். 2016-இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் ஜாக், ஸ்டாக்மேன், மெக்பெர்சன் மூவரும் ஒரு டிஜிட்டல் தாளக் கருவியை வைத்துச் சோதித்தார்கள். தாமதமே இல்லாத நிலை, நிலையான 10, நிலையான 20, அப்புறம் 10-ஐச் சுற்றி மூன்று மில்லிசெகண்ட் ஏறி இறங்கும் நிலை. நிலையான 10-ஐ வாசித்தவர்கள் பெரிய குறையாக நினைக்கவில்லை. 20-ஐ விரும்பவில்லை. ஏறி இறங்கிய 10-ஐயும் விரும்பவில்லை. சராசரி அதே 10 தான், ஆனாலும் கைக்கு ஒத்துவரவில்லை.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இது. கடையில் நாம் கேட்பது "எத்தனை மில்லிசெகண்ட்" என்று மட்டும். எப்போதும் அதே எண்தானா என்று கேட்பவர் இல்லை. கெம்பர் மாடலரில் லேட்டன்சியை எல்லா ரிக்குக்கும் (பேட்ச்சுக்கு அதில் அந்தப் பெயர்) ஒரே அளவில் வைக்க ஒரு தேர்வே கொடுத்திருக்கிறார்கள், அதன் அருமை பலருக்குத் தெரியாது.

சாம்பிள்48

மிக முக்கியமான இடத்தைத் தொட்டீர்கள். டியூனிங் இறக்கும் பிளாக்கின் பிரச்சினையும் இதுதான். பல வடிவமைப்புகளில் அதன் தாமதம் ஒரே அளவாக நிற்காது. அலை நீட்டப்படும்போது ஊர்ந்து ஏறும், ஒட்டுப் போட்ட இடத்தில் சட்டென்று இறங்கும். ஆகவே ஒரு ஸ்ட்ரோக் போல அடுத்த ஸ்ட்ரோக் இருக்காது. நிலையான தாமதத்துக்குக் கை பழகிவிடும், இதற்குப் பழக எதுவும் இல்லை.

இன்னொன்று. கேட்கும் விதமும் கணக்கை மாற்றும். 2007-இல் லெஸ்டர் (Lester), போலி (Boley) என்ற இருவர் ஒலிப் பொறியாளர் சங்கமான ஏஇஎஸ்ஸின் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வில், மேடை மானிட்டரைவிட இன்-இயரில் தாமதம் அதிகம் உறுத்துகிறது என்றும், பாடுபவருக்கும் சாக்ஸபோன் வாசிப்பவருக்கும்தான் மிகவும் உறுத்துகிறது என்றும் வந்தது. பாடுபவருக்குத் தன் குரல் எலும்பு வழியாக உடனே கேட்டுவிடுகிறது, இன்-இயரில் வருவது அதோடு மோதுகிறது. கிட்டார்காரருக்கு அந்தச் சிக்கல் குறைவு. அதில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

எட்டாங்கம்பி

மோதல் என்றதும் ஒன்று சேர்க்கிறேன். நேரத்தில் தெரியாத தாமதம் தொனியில் தெரியும். ஒரே கிட்டாரின் இரண்டு சிக்னல்கள், ஒன்று 1 மில்லிசெகண்ட் பிந்தி, சமமாகக் கலந்தால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 1500-இல் ஒன்று, 2500-இல் ஒன்று என்று வரிசையாக விழும். 2 மில்லிசெகண்ட் என்றால் 250, 750, 1250. குழாய்க்குள்ளிருந்து வாசிப்பதுபோல் கேட்கும். உண்மையான ஆம்பையும் மாடலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பவர்கள், லூப்பை இணையாகப் போட்டு நேரடி சிக்னலோடு கலப்பவர்கள் எல்லோரும் இதில் மாட்டுவார்கள். ஒரு மில்லிசெகண்டைக் காதால் தாமதமாக உணர முடியாது என்று சொல்லி இதை ஒதுக்கிவிடக் கூடாது.

கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித் தன்மையைப் பதிந்த) கோப்புகளிலும் கவனம் வேண்டும். 2048 சாம்பிள் ஐஆர் என்றால் 43 மில்லிசெகண்ட் தாமதம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது கோப்பின் நீளம். சிக்னல் வரும் முதல் சாம்பிளிலேயே பதில் தொடங்கிவிடும். ஐஆரைச் சிக்னலோடு சேர்க்கும் கணக்கான கான்வல்யூஷனைத் தாமதமே இல்லாமல் திறமையாகச் செய்யும் வழியை 1995-இலேயே வில்லியம் கார்ட்னர் எழுதிவிட்டார். ஆனால் கோப்பின் தொடக்கத்தில் வெற்று அமைதியை வெட்டாமல் விட்டிருந்தால், அந்த அமைதி அப்படியே தாமதமாகும். இலவசமாகக் கிடைக்கும் ஐஆர்களைத் திறந்து அலையைப் பாருங்கள். இரண்டு ஐஆர் கலக்கும்போது ஒன்று வெட்டியதும் மற்றது வெட்டாததுமாக இருந்தால் மேலே சொன்ன பள்ளங்கள் விழும், ஆம்ப் மாடலைத் திட்டிக்கொண்டிருப்போம்.

பிக்பிடி

நியூரல் கேப்சர் (உண்மையான ஆம்பைக் கேட்டுப் பழகி நகலெடுக்கும் முறை) பற்றி யாராவது சொல்லுங்களேன். டோன்எக்ஸ், நியூரல் ஆம்ப் மாடலர் போன்றவை கனமானவை, அதனால் தாமதம் அதிகம் என்கிறார்களே.

சாம்பிள்48

கனம் வேறு, தாமதம் வேறு. நியூரல் ஆம்ப் மாடலரின் வலைப்பின்னல் கடந்த சாம்பிள்களை மட்டுமே பார்க்கிறது, வரப்போகும் சாம்பிளுக்குக் காத்திருப்பதில்லை. ஆகவே மாடலால் வரும் தாமதம் இல்லை. சிப்புக்கு வேலை அதிகம், அவ்வளவுதான். வேலை அதிகமானதால் நீங்கள் பஃபரை 64-இலிருந்து 256-க்கு ஏற்றினால் அப்போது தாமதம் வரும்: 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் 5.3 மில்லிசெகண்ட், போக வர இரட்டிப்பு.

நம்பகத்தன்மையும் இங்கேதான் வருகிறது, அதனால் ஒரு பத்தி கூடுதலாக எழுதுகிறேன். 400 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளுக்குக் கிடைப்பது 8,333 சுழற்சிகள். அதற்குள் எல்லாக் கணக்கும் முடிந்தாக வேண்டும். பெரும்பாலும் முடிகிறது என்ற பேச்சுக்கு இடமில்லை. பந்தி எழுந்த பிறகு வரும் ரசம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாருக்கும் பயன்படாது. லேப்டாப் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் வைஃபை டிரைவரோ வேறு ஏதோ ஒரு நிரலோ சில மில்லிசெகண்ட் சிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டால் ஒரு கொத்து தவறிவிடும், டப்பென்று வெடிப்புச் சத்தம் கேட்கும். தரை மாடலரில் அந்தச் சிப்புக்கு வேறு வேலையே கொடுப்பதில்லை. ஒவ்வொரு பிளாக்குக்கும் அதிகபட்சம் எவ்வளவு தேவைப்படும் என்று ஒதுக்கிவைத்து, இடம் தீர்ந்தால் அடுத்த பிளாக்கைச் சேர்க்கவே விடுவதில்லை. "இவ்வளவு விலை கொடுத்தும் இன்னொரு ரிவர்ப் போட முடியவில்லையே" என்று கோபப்படுகிறோம். அந்த மறுப்புதான் மேடையில் நம்மைக் காப்பாற்றுகிறது.

சவுண்ட்மேஜை_கோவை

இப்போது ரீபூட் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு அக்கறை அதிகம், ஏனென்றால் மேடையில் அந்த அமைதியை நிரப்ப வேண்டியவன் நான்.

கரண்ட் வோல்டேஜ் குறைந்ததால் அணைந்தது என்று உடனே முடிவுக்கு வராதீர்கள். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். ஜெனரேட்டர் 230-லிருந்து 180-க்கு இறங்கினாலும் மாடலருக்குக் கவலை இல்லை. அதை அணைப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டிப்பு. அடாப்டருக்குள் இருக்கும் மின்தேக்கி 10, 20 மில்லிசெகண்ட் தாங்கும், அதற்கு மேல் துண்டித்தால் பூட்தான். டியூப் ஆம்பில் பெரிய மின்தேக்கிகளும் சூடான ஹீட்டர்களும் இருப்பதால் அதே துண்டிப்பில் ஒரு கணம் மங்கி மீண்டுவிடும். வால்வுநெஞ்சம் அண்ணன் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

அன்றைக்குக் கீபோர்டும் மிக்சரும் அணைந்தனவா?

ரிதம்கை_மதுரை

இல்லை அண்ணே. என்னுடையது மட்டும்தான்.

சவுண்ட்மேஜை_கோவை

அப்படியானால் ஜெனரேட்டரை விட்டுவிடுங்கள். சந்தேகப்பட வேண்டியவை இரண்டு: எக்ஸ்டென்ஷன் போர்டின் தளர்ந்த சாக்கெட், அடாப்டரின் உருண்டை முனை. எச்எக்ஸ் ஸ்டாம்ப் மாடலர் 9 வோல்ட் 3 ஆம்பியர் கேட்கிறது, குவாட் கார்டெக்ஸ் 12 வோல்ட் 3 ஆம்பியர். அவ்வளவு கரண்ட் அந்தச் சின்ன முனை வழியாகப் போகிறது. ஆடும்போது கால் பட்டு ஒயர் அசைந்தால் ஒரு கணம் விட்டுவிடும். மாடலரை ஆன் செய்து ஒயரை மெதுவாக அசைத்துப் பாருங்கள், அணைந்தால் தெரிந்துவிடும். ஒயரை ஒரு வளையமாகச் சுற்றிப் பெடல்போர்டில் டை போட்டுக் கட்டுங்கள், இழுப்பு முனைக்குப் போகக் கூடாது. சில மாடல்களில் அந்த ஒயருக்கென்றே பக்கத்தில் ஒரு கொக்கி கொடுத்திருப்பார்கள், பயன்படுத்துகிறவர்களைப் பார்ப்பதே அபூர்வம்.

ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வார்கள், வேண்டாம். ரிலே வகை ஸ்டெபிலைசர் ஒவ்வொரு முறை மாறும்போதும் தானே ஒரு சின்னத் துண்டிப்பைப் போடும். கம்ப்யூட்டருக்கு வாங்கும் சாதாரண 600 விஏ யூபிஎஸ் போதும். அது பேட்டரிக்கு மாறச் சில மில்லிசெகண்ட்தான் எடுக்கும், அடாப்டர் அதைத் தாங்கிவிடும். மாடலர், வயர்லெஸ் ரிசீவர் தவிர வேறு எதையும் அதில் மாட்டாதீர்கள். மாடலர் எடுப்பது 40 வாட்டுக்குள், பாட்டு முடியும்வரை ஓடிவிடும்.

அப்புறம், இதை மட்டும் எல்லோரும் படியுங்கள். ஹம் வருகிறது என்று பிளக்கின் எர்த் காலை ஒடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிட்டார் கம்பி எர்த்தோடு சேர்ந்தது, உங்கள் கை எப்போதும் அதில் இருக்கிறது, உதடு மைக்கைத் தொடுகிறது. 1972-இல் ஸ்வான்சீ நகர மேடையில் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யாத மைக்கைத் தொட்டு அங்கேயே உயிரிழந்தார். ஹம் நீங்க மாடலரின் எக்ஸ்எல்ஆர் அவுட்டில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, இல்லையென்றால் டிஐ பெட்டியில் (கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் பெட்டி) இருக்கும். அது சிக்னல் கிரவுண்டை மட்டும் பிரிக்கும். மெயின் எர்த்தில் கை வைக்காதீர்கள். ஜெனரேட்டர் மேடையில் எர்த் கம்பி மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

பிக்பிடி

கச்சேரி நடுவில் பேட்ச் மாற்றும்போது ஒரு நொடி சத்தம் போய்விடுவதும் இந்த வகைதானே?

எட்டாங்கம்பி

அது கோளாறு இல்லை. பேட்ச் மாறும்போது சிப் பழைய பிளாக்குகளை இறக்கிப் புதியவற்றை ஏற்றுகிறது, அந்த இடைவெளிதான். ஒரு பாட்டுக்குத் தேவையானதை எல்லாம் ஒரே பேட்சில் வைத்து, ஸ்னாப்ஷாட் அல்லது சீன் மூலம் பிளாக்குகளை ஆன், ஆஃப் மட்டும் செய்யுங்கள். இடைவெளி வராது, டிலேயின் வாலும் அறுபடாது.

ஃபர்ம்வேர் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சேரி இருக்கும் வாரத்தில் அப்டேட் செய்யாதீர்கள். செய்தால் முதலில் பேக்கப், பிறகு ஒவ்வொரு பேட்ச்சையும் மேடைச் சத்தத்தில் வாசித்துப் பார்ப்பது. ஆம்ப் மாடலைத் திருத்தியிருந்தால் பழைய பேட்ச்சின் அளவே மாறியிருக்கும்.

வால்வுநெஞ்சம்

எல்லாவற்றையும் படித்தேன். சவுண்ட்மேஜை எழுதிய எர்த் விஷயத்தை எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அனுப்பிவிட்டேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் யாரும் அளக்கவில்லை. ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது கிட்டாரின் உடலும் கம்பியும் சேர்ந்து அதிர்கின்றன. நோட்டைப் பிடித்துக்கொண்டு ஆம்பை நோக்கித் திரும்பினால் அது தானாகவே நீண்டு வளரும். அழுத்தி அடித்தால் பவர் சப்ளை தளர்ந்து கொஞ்சம் அமுங்கி எழும். கைக்கும் சத்தத்துக்கும் இடையே இந்த உறவு இன்-இயரில் அறுந்துபோகிறது. தம்பி "பின்தங்குகிறது" என்று சொல்வதில் பாதி இதுவாக இருக்கலாம். மில்லிசெகண்டில் மட்டும் தேடினால் அகப்படாது.

சாம்பிள்48

இதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அளவில் வராத இன்னொரு உணர்வையும் சேர்க்கிறேன்: நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் பிளாக்). அது மெதுவாகத் திறக்கும்படி வைத்திருந்தால் பிக் கம்பியைத் தொடும் அந்த முதல் கூர்மையை விழுங்கிவிடும். சிக்னல் நேரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் காது கூர்மையைத்தான் தொடக்கமாகக் கணக்கிடுகிறது. கம்ப்ரெசரை வேகமான அட்டாக்கில் வைத்தாலும் இதே கதை. லேட்டன்சி என்று வரும் புகார்களில் கணிசமானவற்றை கேட்டை அணைத்தே தீர்த்துவிடலாம்.

ரிதம்கை, நீங்களே அளந்து பாருங்கள். கிட்டார் சிக்னலை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று நேராக ஆடியோ இன்டர்ஃபேஸின் முதல் உள்ளீட்டுக்கு, மற்றது மாடலர் வழியாக இரண்டாவதுக்கு. கம்பியைக் கையால் அடக்கிக்கொண்டு ஒரு தட்டு. ரெக்கார்டிங் மென்பொருளில் இரண்டு அலைகளின் தொடக்கத்தையும் பெரிதாக்கி, இடையே எத்தனை சாம்பிள் என்று எண்ணி 48-ஆல் வகுத்தால் மில்லிசெகண்ட். ஒவ்வொரு பிளாக்காக ஆன் செய்து மறுபடி தட்டுங்கள். முழுச் சங்கிலிக்கு: கம்பிக்கு அருகே ஒரு மைக், இன்-இயரின் வாயில் ஒரு மைக்.

ரிதம்கை_மதுரை

அளந்துவிட்டேன்!

மாடலர் மட்டும், ஆம்ப், கேபினட், டிலே எல்லாம் ஆனில் இருந்தும் 3-க்குள்தான். டியூனிங் இறக்கும் பிளாக்கை ஆன் செய்ததும் 17-ஐத் தாண்டியது, சாம்பிள்48 அண்ணா சொன்னபடியே ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் மாறியது. வயர்லெஸ், மிக்சர், இன்-இயர் எல்லாம் சேர்த்து மைக் வைத்துப் பார்த்தால் 25-ஐ நெருங்கியது. பிளாக் இல்லாமல் அதே முழுச் சங்கிலி 10-க்குள் வந்துவிட்டது. கேட்டின் திறப்பையும் வேகமாக்கினேன், வித்தியாசம் விரலிலேயே தெரிந்தது.

ரீபூட்டுக்குக் காரணம் அடாப்டர் முனை. ஒயரை அசைத்தால் அணைகிறது. புது அடாப்டர் வாங்கிக் கட்டிவிட்டேன், யூபிஎஸ்ஸும் சொல்லியிருக்கிறேன். மாடலரை விற்கவில்லை.

சுருதி இறக்கும் பாட்டுகளுக்கு இரண்டாவது கிட்டார் எடுத்துப் போகப் போகிறேன். அரைக் கட்டை, ஒரு கட்டை இரண்டுக்கும் ஒரே கிட்டார் போதுமா? கம்பி தொளதொளவென்று ஆகுமே?

எட்டாங்கம்பி

போதும். அதை ஒரு கட்டை இறக்கியே நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள், அரைக் கட்டைப் பாட்டுக்கு முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்). இப்போது 10 கேஜ் (கம்பித் தடிமன்) என்றால் அதில் 11 போடுங்கள், இழுவிசை ஏறக்குறைய பழையபடி வந்துவிடும். கேப்போ இல்லாத நிலையில் நெக் வளைவையும் இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சேர்வதையும்) ஒருமுறை சரிபாருங்கள். நட் பள்ளத்தில் தடித்த கம்பி சிக்குகிறதா என்றும் பாருங்கள், சிக்கினால் டியூனிங் நிற்காது. ட்ரெமோலோ பிரிட்ஜ் இல்லாத கிட்டாராக இருந்தால் வேலை பாதி.

சவுண்ட்மேஜை_கோவை

இரண்டாவது கிட்டாரின் பிக்கப் அளவு வேறாக இருக்கும். அதற்கென்று ஒரு ஸ்னாப்ஷாட் வைத்து, சவுண்ட் செக்கிலேயே இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டுங்கள், என் பக்கத்தில் கெயினைச் சரிசெய்துகொள்வேன்.